ஒரே விவசாயியை இரண்டு முறையா, இரண்டு ஊரை ஒரே முறையா?

நெல் விற்ற பணம் கைக்கு வந்தால் மனஉளைச்சல் குறைகிறதா? டெல்டாவில் இதை அளக்க இரண்டு வழி உண்டு.

பணம் வந்த ஊரையும் வராத ஊரையும் ஒப்பிடலாம். ஒரே வாரத்தில் வேலை முடியும். ஆனால் பணம் வந்தது தலைமடையில் கல்லணைப் பக்கம், வராதது கடைமடையில் தலைஞாயிறு பக்கம் என்றால்? கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதே பெரும்பாடு. வித்தியாசம் பணத்தாலா, மடையாலா என்று பிரிக்கவே முடியாது. இதுதான் தேர்வுப் பிழை.

அதே ஆளை அறுவடைக்கு முன்னும் பின்னும் கேட்டால் மண், படிப்பு, குடும்பம் எல்லாம் மாறாமல் இருக்கும். ஆபத்து, நடுவில் நடப்பதில்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்தது. அந்த வருஷம் அக்டோபரிலும் பிப்ரவரியிலும் கேட்டிருந்தால், அளந்தது பணத்தையா, புயலையா? பழக்கமும் சேரும். “போன தடவையும் இதத்தானே தம்பி கேட்டீங்க” என்று பெரியவர் கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிடுவார்.

2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை இப்படித்தான் அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தது. பழக்கத்தின் பங்கைப் பிரித்தறிய, சிலரை அறுவடைக்குப் பிறகே முதன்முறையாகச் சோதித்தார்கள். அருமையான யோசனை.

என் ஓட்டு இரண்டாவது வழிக்கே. ஒன்று மட்டும்: கொள்முதல் நிலைய வாசலில் மூட்டையோடு நிற்பவரிடம் கேள்வித்தாளை நீட்டாதீர்கள். நெல்லின் ஈரப்பதம் கொள்முதலுக்கான வழக்கமான வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமோ என்ற பயத்தில்தான் அவர் அப்போது பதில் சொல்வார்.