‘லாரி பார்க்கிங், இரவுக் காவல் உண்டு’ என்ற பலகையை நம்பி நான் இழந்தது: புதுக்கோட்டை – காரைக்குடி சாலையில் ஓட்டும் தோழர்களுக்கு

ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சென்னைக்கு ஏற்றிச் செல்வதும், திரும்பும்போது இரும்புக் கம்பியோ சிமென்ட்டோ கிடைத்ததை ஏற்றி வருவதுமாகப் பதினாறு ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறேன். சென்ற ஆவணியில் செட்டிநாட்டு எல்லையிலேயே, வீட்டுக்கு முக்கால் மணி நேரத் தொலைவில், ஒரு சாலையோர ஓட்டலில் ஏமாந்தேன். அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. என்னிடம் இருக்கும் ஆதாரம் அதற்குப் போதாது. ஆனால் அவர்கள் செய்யும் முறையை ஒளிக்காமல் எழுதினால், அதே முறை வேறு எங்கு நடந்தாலும் நீங்கள் கண்டுகொள்ள முடியும்.

அன்று காலையிலிருந்து கல்லை இறக்கிக் கம்பியை ஏற்றிவிட்டு, மாலை நான்கு மணிக்கு வண்டலூரில் கிளம்பினேன். கிளீனர் இல்லை; இப்போதெல்லாம் பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டுகிறோம். திருச்சியில் 120 லிட்டர் டீசல் போட்டு, புதுக்கோட்டையைத் தாண்டும்போது இரவு ஒன்றரை மணி. கண் எரிந்தது, எதிரே வரும் விளக்குகள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. இன்னும் நாற்பது கிலோமீட்டர்தானே, வீட்டுக்கே போய்ப் படுத்துவிடலாம் என்று மனம் சொல்லும் நேரம் அது. ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு வேண்டும், ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையே தொடர்ந்து ஒன்பது மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்; எழுதியதோடு சரி. நான் அன்று நிறுத்தியது சட்டத்துக்குப் பயந்து அல்ல, என் கண்ணுக்குப் பயந்து.

சாலையோரத்தில் நீல டியூப் லைட் போட்ட ஒரு ஓட்டல் இருந்தது. பலகையில் ‘செட்டிநாடு’ என்றும் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெயர் திருச்சிக்கு வடக்கே இருக்கும் ஓட்டல்களுக்குத்தான் தேவைப்படும் என்று நினைத்திருந்தேன். இங்கேயும் அதைப் பலகையில் எழுதி ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. டார்ச்சும் விசிலுமாக ஓர் ஆள் ஓடி வந்து, “அண்ணே, முன்னாடி பஸ் வரும், பின்னாடி புளியமரத்தடியில போடுங்க, சத்தமில்லாமத் தூங்கலாம், நான் விடிய விடிய முழிச்சிருப்பேன்” என்று சொல்லி வண்டியைப் பின்பக்க மூலைக்கு வழிகாட்டினார். அக்கறையோடு பேசிய அந்தப் பேச்சில்தான் நான் விழுந்தேன். 150 ரூபாய் வாங்கிக்கொண்டு, சிகரெட் அட்டையின் பின்புறம் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

ஐந்தரை மணிக்கு எழுந்து சாவியைத் திருப்பியபோது டீசல் முள் நான் படுக்கும்போது இருந்த இடத்தில் இல்லை. இறங்கிப் பார்த்தால் டேங்க் மூடியில் போட்டிருந்த பூட்டு அப்படியே இருந்தது. அடியில் உள்ள திருகைக் கழற்றி டீசலை இறக்கிவிட்டு, ஒழுகாதபடி மறுபடி முடுக்கியும் வைத்திருந்தார்கள். டேங்குக்கு நேர் கீழே ஒரு தட்டு அகலத்துக்கு மண் கறுத்து ஈரமாக இருந்தது, அதைச் சுற்றி வட்டமாக ஒரு கேன் வைத்த தடம் அழுந்தியிருந்தது. குச்சி விட்டு அளந்ததில் எழுபது லிட்டருக்குக் குறையாமல் போயிருந்தது. அன்றைய விலையில் ஏறத்தாழ 6,500 ரூபாய்.

விசில்காரரைக் காணவில்லை. கல்லாவில் இருந்தவர் நிதானமாக, “பார்க்கிங்குக்குத்தான் காசு வாங்கினோம், டீசலுக்குப் பொறுப்பு எடுத்துக்கலையே” என்றார். கேமரா இரண்டு நாளாக வேலை செய்யவில்லையாம். அதோடு விட்டாரா என்றால், வழியில் நின்றுவிடக் கூடாதே என்று, தம்மிடம் கேனில் டீசல் இருப்பதாகவும், பங்க் விலையைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய் குறைத்துத் தருவதாகவும் சொன்னார். என் டீசலையே எனக்குத் தள்ளுபடியில் விற்கப் பார்த்த மனிதரிடம் மேலே என்ன பேசுவது என்று தெரியாமல் வண்டியை எடுத்துவிட்டேன்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன். எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள், அப்போது டேங்கில் எவ்வளவு இருந்தது, பணம் வாங்கியதற்கு ரசீது எங்கே என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான், என்னிடம் திருச்சி பங்க் ரசீதும் சிகரெட் அட்டையும் மட்டுமே இருந்தன. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்தார்கள். அதைக் காட்டியதால் வண்டி முதலாளி பாதிப் பணத்தை மட்டும் சம்பளத்தில் பிடித்தார்.

பணத்தைவிடப் பெரிய கெடுதல் அதற்கு அடுத்த நடையில் வந்தது. எங்கேயும் நிறுத்தக் கூடாது என்ற முடிவோடு, டீயும் பாக்குமாக ஓட்டி வந்தேன். அதிகாலை மூன்றரை மணிக்கு இடப்பக்கச் சக்கரங்கள் சரளையில் இறங்கிய சத்தத்தில்தான் விழித்தேன். கண்ணாடிக்கு முன்னால் ஒரு பாலத்தின் வெள்ளைச் சுவர் வந்துகொண்டிருந்தது. திருப்பி நிறுத்தி, இறங்கி, கைகால் நடுக்கம் அடங்கிய பிறகு யோசித்துப் பார்த்தால், திருமயம் கோட்டையைக் கடந்த நினைவே எனக்கு இல்லை. ஆயிரம் முறை பார்த்த கோட்டை! அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் மூடினால் வண்டி அறுபத்தைந்து மீட்டருக்கு மேல் ஆளில்லாமல் ஓடிவிடும். இத்தனைக்கும் அன்று லோடு இறக்கும் ஆட்கள் காலை எட்டு மணிக்குத்தான் வந்தார்கள். நான்கு மணிக்கே போய்ச் சேர்ந்து எனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

ஆகவே நிறுத்தாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை; நிறுத்துங்கள், ஆனால் இடத்தைப் பார்த்து நிறுத்துங்கள். இருட்டான மூலைக்கு உங்களை அனுப்புகிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்த இடம் வேண்டாம். இரவு முழுவதும் வண்டிகள் வந்துபோகும் பெட்ரோல் பங்க் நல்லது. அங்கே குடிநீரும் கழிப்பறையும் இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை, கேட்பதில் கூச்சம் வேண்டாம். டேங்க் இருக்கும் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, ஆள் உடம்பு நுழைய முடியாத இடைவெளியில் நிறுத்துகிறேன். பூட்டைவிட அது எனக்கு உதவுகிறது. படுக்கும் முன் டீசல் முள்ளும் கிலோமீட்டரும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்; நேரம் அதிலேயே பதிவாகிவிடுகிறது. அது இருந்திருந்தால் காவல் நிலையத்தில் அன்று நான் விழித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். தேசிய நெடுஞ்சாலையில் சிக்கல் என்றால் 1033, உயிருக்கு ஆபத்து என்றால் 112; இரண்டையும் கைப்பேசியில் பதிந்து வைத்திருங்கள்.

திருட்டுக்குப் பயந்து கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, ஏ.சி.க்காக என்ஜினை ஓடவிட்டோ, கேபினுக்குள் கொசுவத்திச் சுருள் கொளுத்தியோ தூங்குவது திருட்டைவிட ஆபத்தானது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை அது எழுப்பாது. என்ஜினை அணைத்து, கண்ணாடியை இரண்டு பக்கமும் இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, கொசுவலைத் துணியைக் கதவில் மாட்டிக்கொள்ளலாம். நீண்ட நேரம் தூங்க வழியில்லாத இரவில் டீயைக் குடித்த கையோடு இருபது நிமிடம் கண்ணை மூடுவேன். டீ வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் இரண்டும் சேர்ந்து உதவும். எழுந்ததும் வண்டியை எடுக்காமல் முகம் கழுவி, டயர்களைத் தட்டிக்கொண்டு வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வருவேன். தூக்கக் கலக்கம் போகக் கால் மணி நேரமாவது தேவைப்படுகிறது. ஆனால் இதெல்லாம் பங்க் வரை போய்ச் சேர்வதற்கான ஒட்டுவேலை, தூக்கத்துக்கு ஈடு ஆகாது.

சென்ற வாரம் மாலையில் அந்த ஓட்டல் வழியாக வந்தேன். பலகைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து, ‘24 மணி நேரக் காவல்’ என்று மாற்றியிருக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் புளியமரத்தடியில் கேரளப் பதிவெண்ணோடு ஒரு லாரி நின்றது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போய், அதில் படுத்திருந்த ஓட்டுநரை எழுப்பி, அரைகுறை மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் இறங்கி டேங்கின் அடியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வண்டியை முன்பக்கம் விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தினார்.