கையெழுத்தோடு விடுவதா, பெயர் மாற்றிக் கொடுப்பதா?

பழைய காரை நேரடியாக விற்பவர்கள் பெரும்பாலும் பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்திட்டு, டெலிவரி நோட் (வண்டியை ஒப்படைத்ததற்கான சீட்டு) எழுதி வாங்கிக்கொண்டு, அன்றே சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) வாங்குபவர் பெயருக்கு மாறிய பிறகே வண்டியை ஒப்படைப்பது இன்னொரு வழி. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

முதல் வழியில் முழுப் பணமும் உடனே கைக்கு வந்துவிடும். ஆனால் வாங்கியவர் பெயரை மாற்றாமலே ஓட்டி விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. டெலிவரி நோட்டில் தேதி, மணி, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. வாங்குபவர் பெயரை நிரப்பாமல் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது இன்னும் மோசம். வண்டி நான்கு கை மாறினாலும் அபராத ரசீது உங்கள் வீட்டுக்கே வரும்.

இரண்டாவது வழியில் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். வாங்குபவருக்கும் தயக்கம் இருக்கும், நியாயம்தான். வங்கி வழியே முன்பணம், ஆர்.சி. மாறியதும் மீதி என்று எழுதிக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி. ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால், வருமான வரிச் சட்டப்படி அபராதம் பணத்தைப் பெற்றவருக்கு.

அவசரத்தால் முதல் வழியில்தான் விற்க வேண்டுமென்றால், 14 நாட்களுக்குள் நீங்களே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விற்பனையைத் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். ஃபாஸ்டேகையும் அன்றே முடக்கிவிடுங்கள்.