ஸ்காட்லாந்து ஸ்கை தீவு ஒன் டே டூர்ல 300 பவுண்டு போச்சு, பாத்து புக் பண்ணுங்க

கோவம் இன்னும் ஆறல, அதான் உடனே எழுதுறேன். எதுல உஷாரா இருக்கணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

ஊர்லேர்ந்து வந்திருக்க அப்பா அம்மாவுக்காக, டூர் டிக்கெட் விக்கிற ஒரு ஆப்ல, இன்வர்னஸ்லேர்ந்து ஸ்கை போயிட்டு வர்ற மினிபஸ் டூர் போட்டேன். ஆளுக்கு 75, நாலு பேருக்கு 300 பவுண்டு. ஃபேரி பூல்ஸ்ங்கற அருவிக் குளங்க, ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டார் பாறை, குயிராங் மலை எல்லாம் லிஸ்ட்ல இருந்துச்சு. காசு கட்டுறதுக்கு முன்னாடியே சாட்ல கேட்டேன், ஃபேரி பூல்ஸ் கண்டிப்பா உண்டா, அம்மா மெதுவாதான் நடப்பாங்கன்னு. "கவலைப்படாதீங்க, அங்க ஒன்றரை மணி நேரம் நிறுத்துவோம், அம்மாவுக்கு முன் சீட் எடுத்து வைக்கிறோம்"னு பதில் வந்துச்சு. முன் சீட் வரைக்கும் யோசிக்கிறாங்களேன்னு அந்த நிமிஷமே பணத்த கட்டிட்டேன்.

நேத்து போனா, முதல்ல லாக் நெஸ் ஏரி பக்கம் ஒரு கிஃப்ட் ஷாப்ல முக்கால் மணி நேரம். அப்புறம் ஐலீன் டோனன் கோட்டை, அது தீவுலயே இல்லங்க, பாலத்துக்கு இந்தப் பக்கமே இருக்கு, அங்க ஒரு மணி நேரம். தீவோட முக்கிய ஊரான போர்ட்ரீ போய் சாப்பிட்டு கிளம்பும்போதே ரெண்டரை ஆயிடுச்சு. ஓல்ட் மேன் பாறைய ஜன்னல் வழியா கை காட்டுனதோட சரி. கில்ட் ராக்ல, அருவி செங்குத்துப் பாறை மேலேர்ந்து நேரா கடல்ல விழுது, அம்மா கம்பிய புடிச்சுக்கிட்டு அப்பதான் எட்டிப் பாக்குறாங்க, அதுக்குள்ள ஹாரன். குயிராங் பேச்சே இல்ல. ஃபேரி பூல்ஸ் எப்பன்னு கேட்டா டிரைவர் முழிக்கிறார், "இந்த வண்டி அந்தப் பக்கம் போறதே இல்லையே"ங்கறார். போறதே இல்லாத இடத்துக்கு 300 பவுண்டு வாங்கிருக்காங்க!

ஆப்ல கேட்டா டூர் கம்பெனிய கேளுங்கறான், கம்பெனி ஆப்ப கேளுங்குது. சாட் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புனா "வானிலையப் பொறுத்து ரூட் மாறும்"னு ஒரு வரி. ஒரு சொட்டு மழை இல்ல நேத்து! அடுத்த மெசேஜ்ல, உங்க புகார முடிச்சாச்சு, எத்தன ஸ்டார் குடுப்பீங்கன்னு கேக்குது. 300 பவுண்டுல ஒரு பென்னி கூட திரும்ப வரல.

சரி, அவசரமா சொல்றேன். இன்வர்னஸ்லேர்ந்து போர்ட்ரீ போகவே ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆகும். குயிராங் வடக்க, ஃபேரி பூல்ஸ் க்ளென் பிரிட்டில் பள்ளத்தாக்குல, வேற மூலை, போற ரோடும் ஒரு வண்டி போற அகலம்தான். ரெண்டுலயும் இறக்கி நடக்க விடுறேன்னு ஒரே நாள் டூர் விக்கிறவன நம்பாதீங்க. முடிஞ்சா போர்ட்ரீல ஒரு ராத்திரி தங்கிடுங்க. சாட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. காச திரும்ப கேட்டு பேங்க்ல டிஸ்பியூட் போட ஃபோன் லைன்ல நிக்கிறேன், எடுத்துட்டாங்க, மீதி அப்புறம்.