நத்தார் பரிசு: கேக்கா, கடைச் சீட்டா, வேதாகமமா, கோழியா?

இலங்கையின் கிழக்குக் கரையில் நத்தார் (கிறிஸ்துமஸ்) வருவதே கை வறண்ட காலத்தில்தான். பெரும்போக நெல் அறுவடைக்கு மாசி, பங்குனி ஆகும். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்க, தோணிகள் பல நாள் கரையிலேயே கிடக்கும். மழையும் விடாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பரிசு கொடுக்க நினைப்பவர் இதையெல்லாம் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

விருந்து வைத்தால் திருப்பி அழைக்க முடியாதவர்களை அழை என்று இயேசு சொன்னது லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதையே இங்கே அளவுகோலாக வைக்கிறோம். வாங்கியவர், 'இதற்கு நாமும் ஏதாவது கொடுக்க வேண்டுமே' என்று தவிக்காமல் அந்தப் பரிசை வைத்துக்கொள்ள முடியுமா?

கேக்கும் பலகாரத் தட்டும் சமமானவர்களுக்குள் மிக நல்ல பரிசு. நத்தாருக்குத் தட்டு போகும், பொங்கலுக்கும் பெருநாளுக்கும் திரும்பி வரும். அந்தப் போக்குவரத்து ஊரின் உறவு; அதை விட்டுவிடக் கூடாது. முஸ்லிம் வீட்டுக்குப் போகும் கேக்கில் பிராந்தியோ வைனோ வேண்டாம், எசன்ஸ் போத்தலையும் வாசித்துப் பாருங்கள். சைவ உணவு மட்டும் உண்ணும் வீட்டுக்கு முட்டை சேர்க்காத பலகாரம். ரவையும் கஜுவும் பாகில் போட்ட பழங்களும் சேர்ந்த ரிச் கேக் நன்றாக மூடி வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். பட்டர் கேக் இந்த ஈரத்தில் மூன்று நான்கு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். சூடு ஆறுமுன் பொலித்தீனில் சுற்றுவதுதான் பெரும்பாலும் காரணம்: உள்ளே வியர்த்து, அந்த நீர் மேல்பக்கத்தில் தங்கும். ஓர் இரவு முழுக்க ஆறவிட்டு, எண்ணெய்த்தாளில் சுற்றி, அதற்குமேல் கலர்க் கடதாசி போடுங்கள்.

ஆனால் கூலி வேலை நின்றுபோன வீட்டுக்கு அதே தட்டு பாரம். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. அங்கே போட்டி உலர் உணவுப் பொதிக்கும் கடைச் சீட்டுக்கும்தான்.

பொதியைக் கட்டுவது சுலபம். அரிசி 5 கிலோ, மா 2 கிலோ, பருப்பும் சீனியும் ஒவ்வொரு கிலோ, தேயிலை, தேங்காய் எண்ணெய், பால்மா என்று போட்டால் நாலு பேருக்கு ஒரு வாரத்துக்குக் கிட்டப் போகும். சிக்கல், எல்லோரும் ஒரே வாரத்தில் கொடுப்பது. கத்தோலிக்கப் பங்கும் சபையும் சங்கமும் வெளிநாட்டு உறவும் டிசம்பர் 20க்கும் 24க்கும் இடையில் ஒரே வீட்டுக்குப் போக, மாவில் வண்டு விழும். தை மாதம் அடுப்பு காயும். வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுப்பதை நாங்கள் முழுமையாக எதிர்க்கிறோம். வலக்கை செய்வதை இடக்கை அறியக் கூடாது என்ற மத்தேயு 6க்கு அது நேர்மாறு.

கடைச் சீட்டு இதைவிட நல்லது என்பதே எங்கள் முடிவு. அந்தக் குடும்பம் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் முன்பணம் கட்டுங்கள். 6,000 ரூபாய் என்றால் 3,000 நத்தாருக்கு முன், 3,000 தை 10க்குப் பிறகு என்று இரண்டு சீட்டாக எழுதி, கடைக்காரரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கொடுப்பவர் பெயர் தேவையில்லை. பங்குத்தந்தையோ போதகரோ கொண்டுபோய்க் கொடுக்கட்டும். இதிலும் ஒரு பொறி உண்டு: அந்த வீட்டுக்குக் கடைக் கொப்பியில் பழைய கடன் இருக்கும், முதலாளி உங்கள் பணத்தை அதில் கழித்துவிடுவார். 'சாமானுக்கு மட்டும்' என்று சீட்டிலேயே எழுதுங்கள். அதைவிட, கடனையே அடைத்துவிட்டால் நல்லதா என்று அந்தக் குடும்பத்திடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். 'எங்கள் கடன்களை மன்னியும்' என்று தினமும் ஜெபிக்கிறவர்கள் தரக்கூடிய பரிசுகளில், கொப்பியில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு மூடுவதற்கு ஈடாக எங்களுக்கு வேறொன்று தோன்றவில்லை.

வேதாகமம் கொடுப்பதில் ஆசை நல்லது, தெரிவில்தான் பிழை நடக்கிறது. வில்லியம் ஓல்ட் என்ற மிஷனரி 1814இல் வந்ததிலிருந்து மெதடிஸ்த சபை இருக்கிற ஊர் மட்டக்களப்பு. கத்தோலிக்கம் அதற்கும் மூத்தது. ஒரே குடும்பத்தில் இரண்டும் இருக்கும். கத்தோலிக்கருக்கு 73 நூல்கள் கொண்ட திருவிவிலியம், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. மெதடிஸ்தருக்கும் மற்றப் புரட்டஸ்தாந்து சபையாருக்கும் 66 நூல்கள் கொண்ட பரிசுத்த வேதாகமம். மாற்றிக் கொடுத்தால் ஆலயத்தில் வாசிப்பைத் தேடும்போது வசனம் ஒத்துவராது, புத்தகம் அலுமாரிக்குப் போய்விடும். அறுபதைத் தாண்டியவருக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு. வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தால் மூன்றாவது வேண்டாம். பழையதன் உறை பிய்ந்திருந்தால் அதைக் கட்டுவித்துக் கொடுங்கள். தாத்தா கோடிட்ட வசனங்கள் புதியதில் கிடைக்காது.

பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளா, பள்ளிச் சாமானா? அரசு பாடநூலை 1980 முதலும் சீருடைத் துணியை 1993 முதலும் இலவசமாகத் தருகிறது. பெரும்பாலும் வீட்டின் தலையில் விழுவது கொப்பி, பை, சப்பாத்து. கொப்பி வாங்குமுன் வகுப்பைக் கேளுங்கள்: ஒற்றைக்கோடா, இரட்டைக்கோடா, சதுரக்கோடா, 80 பக்கமா, 120ஆ. சப்பாத்துக்குப் பிள்ளையின் காலைக் கடதாசி மட்டையில் வைத்து வரைந்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் விட்டு அளவு எடுங்கள். ஆனால் வெறும் கொப்பியைப் பார்த்து எந்தப் பிள்ளையும் துள்ளாது. ஒரு பந்தோ நிறப்பென்சில் பெட்டியோ கூடவே இருக்கட்டும். ஏழைப் பிள்ளைக்கும் நத்தார் சந்தோஷம் வேண்டும்.

பெரியவர்களுக்கு உடுப்பு என்றால், இறக்குமதித் துணியைவிட மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும் எங்கள் தெரிவு. பணம் பக்கத்து ஊர் நெசவாளருக்கே போகிறது. முதல் சலவையில் சாயம் விடலாம்; தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கச் சொல்லுங்கள்.

டிசம்பர் 26 தனியாக நினைக்க வேண்டிய நாள். 2004 சுனாமியில் உறவுகளை இழந்த கல்லடி, நாவலடி வீடுகளுக்கு மினுங்கும் பொதியோடு போக வேண்டாம். பகல் சாப்பாட்டைச் சமைத்துக் கொண்டுபோய், கூட இருந்து சாப்பிடுங்கள்.

கோழியும் ஆடும் 'வாழ்வாதாரப் பரிசு' என்று இப்போது அதிகம் கொடுக்கப்படுகின்றன. டிசம்பரில் குஞ்சு கொடுக்காதீர்கள். முதல் மூன்று நான்கு வாரம் சூடு வேண்டும், ஈரக் குளிரில் கூட்டமாகச் சாகும். தடுப்பூசி போட்ட, இரண்டு மாதம் தாண்டிய கோழிதான் சரி. அடைத்து வளர்த்தால், முட்டையிடும் பருவத்தில் ஒன்று நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீனி தின்னும், அதற்குமுன் குறைவு. முட்டையிடும் ஐந்து கோழிக்கு மாதம் 15 கிலோவுக்கு மேல். முட்டையிடத் தொடங்கும்வரையான தீனியைச் சேர்த்துக் கொடுக்காவிட்டால் அந்தக் கோழி கறிச்சட்டிக்குப் போகும், அதற்கு அந்த வீட்டைக் குறை சொல்லவும் முடியாது. கூடு நிலத்திலிருந்து இரண்டு அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். ஆடு என்றால் மழை ஓயட்டும். நத்தாரன்று வாக்கை மட்டும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்து, வளவு காய்ந்த பிறகு மாசியில் ஆட்டைக் கொண்டுபோய்க் கட்டுங்கள்.