மூணு வருசமா காணாமப் போன பேஸ்

போன வாரம் காவேரிப்பட்டணத்து மச்சான் போன் பண்ணி, "உன் கார்ல இருக்கிற அதே ஸ்பீக்கர் செட்டை நானும் போடட்டுமா?"ன்னு கேட்டான். 3 வருசம் ஓட்டியும் சட்டுன்னு பதில் வரல.

செட்டுல பெரிய விசேஷம் இல்ல. முன் கதவுல ஆறரை இஞ்ச் காம்போனன்ட் ஸ்பீக்கர், முன் கண்ணாடி ஓரத் தூண்ல கீச்சுச் சத்தத்துக்குன்னு தனியா சின்ன ட்வீட்டர், தனி ஆம்ப்ளிஃபையர் கிடையாது. ஸ்டீரியோ அட்டைப்பெட்டியில 4 x 50 வாட்ஸ்னு கொட்டை எழுத்துல இருக்கும். நிஜத்துல நின்னு கொடுக்கிறது 20 பக்கம்தான், காருக்கு அது தாராளம்.

மாட்டின நாள்ல இருந்தே தவில் மட்டும் தகர டப்பா. பாடுறவங்க குரல் முன்னாடி நிக்காம தலையைச் சுத்தும். ஈக்வலைசர்ல பேஸை, அதாவது கனமான அடிச் சத்தத்தை ஏத்தினேன், லவுட்னஸ் போட்டேன், ப்ளூடூத்தை விட்டுட்டு பென்டிரைவ்ல கேட்டேன். கடையில போய்ச் சொன்னா, "ஓட ஓட செட் ஆயிடும் சார்"ங்கிறாங்க. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தினம் போய்வர்றவன்கிட்ட! இன்னும் எவ்வளவு ஓடணும்?

போன மாசம் இடது கதவுல பவர் விண்டோ நின்னுபோச்சு. கதவோட உள்பக்க மூடியான டோர் பேடைக் கழட்டின எலக்ட்ரீஷியன், "அண்ணா, ஸ்பீக்கர் ஒயர்ல பிளஸ் மைனஸ் மாறியிருக்கே"ன்னார். கடிகார பேட்டரி ஒண்ணை ஒயர்ல தொட்டுக் காட்டினார். வெளியே தள்ள வேண்டிய ஸ்பீக்கர் கோன் உள்ளே இழுக்குது. ஒரு கதவு காத்தைத் தள்ளும்போது இன்னொண்ணு இழுத்தா, பேஸ் ஒண்ணையொண்ணு தின்னுடும். உங்களுக்கும் சந்தேகம்னா பேலன்ஸை முழுசா இடதுக்குத் தள்ளிக் கேளுங்க, அப்புறம் வலது, அப்புறம் நடு. நடுவுக்கு வந்ததும் பேஸ் மெலிஞ்சா ஒயரைப் பாருங்க. எனக்கு 2 நிமிச வேலை, 3 வருச எரிச்சல்.

ஒயரை மாத்தின அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போகாம காரிமங்கலம் பக்கம் சும்மா ஓட்டினேன். எங்க ஊர் திருவிழாவுல போன்ல பிடிச்ச மேளம். தவிலோட கனமான தொப்பிப் பக்கம் கம்பு விழுற அடி ஒவ்வொண்ணும் தனியா, டேஷ்போர்டுக்கு நடுவுல. நாயனம் அதுக்கு மேல. வண்டியை ஓரங்கட்டிட்டுக் கேட்டேன்.

ஓரங்கட்டினப்பதான் அந்த 'கிர்ர்' காதுல விழுந்துச்சு. இல்லாத பேஸ் திரும்பி வந்ததும் கதவுத் தகரம் கூடப் பாட ஆரம்பிச்சிருச்சு. அடிச் சத்தத்தை வெட்டுற ஹைபாஸை 80 ஹெர்ட்ஸ்ல வெச்சா கிர்ர் குறையுது, தொப்பியும் சேர்ந்து குறையுது. தகரத்தோட அதிர்வை அடக்குற டேம்பிங் ஷீட் ஒட்டினா அடங்கும். ஆனா 2 கதவுக்குக் கேட்ட காசுல இன்னொரு ஜோடி ஸ்பீக்கரே வாங்கலாம். இப்போதைக்கு கதவுப் பையில மடிச்ச பேப்பர். மேட்டுல ஏறினா அதுவும் சரசரக்குது.

இந்த ஸ்பீக்கர்ல குறை ஒண்ணும் இல்ல. இந்த விலைக்கு இவ்வளவு தெளிவா வேற எதுலயும் நான் கேட்டதில்ல. ஆனா கதவு படுத்துற பாட்டுல மச்சான்கிட்ட மட்டும் "வாங்காதடா"ன்னு சொல்லிட்டேன். அவன் போன் பண்ணினப்போ, டோர் பேட் கிளிப்புல மூணாவதும் உடைஞ்சு என் கையில இருந்துச்சு.