24 வெள்ளி 90 காசுக்கு ஒரு ஃபாரோ

செப்டம்பர் பள்ளி விடுமுறைக்குப் பேத்தி ஆசைப்பட்டாள் என்று, சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு கடைத்தொகுதியில் ‘துட்டன்காமுன் கல்லறை தோண்டும் பெட்டி’ வாங்கினேன். துட்டன்காமுன் பழங்கால எகிப்தின் ஃபாரோ, அதாவது ராஜா. செங்கல் அளவுக்கு ஒரு பிளாஸ்டர் கட்டி, பிளாஸ்டிக் உளி, மரச் சுத்தியல், தூரிகை, 16 பக்கக் கையேடு, நாமே பூட்டிக்கொள்ள ஒரு குட்டித் தராசு. கட்டிக்குள் பொம்மைகள் புதைந்து கிடக்கும், தோண்டி எடுக்க வேண்டும்.

முதலில் உளி. முப்பது வருஷம் கப்பல் பட்டறையில் துரு தட்டியவன் என்பதால் இதை மட்டும் அடித்துச் சொல்வேன்: அது உளியே இல்லை. நாலாவது தட்டிலேயே முனை வளைந்துவிட்டது. பழைய ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் தூசி. வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் தமிழ் முரசு நாளிதழை விரித்துப் போட்டுத்தான் உட்கார்ந்தோம், இருந்தும் மாவு மாதிரி பறந்து தொலைக்காட்சி வரைக்கும் போய்விட்டது. பேத்தியின் பாட்டி எங்கள் இருவரையும் தாழ்வாரத்துக்குத் துரத்திவிட்டாள். கட்டியின் மேல் ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிஷம் விட்டுத் தோண்டினால் தூசி வராது. கையேட்டில் இதைச் சொல்லவில்லை.

ஹோவர்ட் கார்ட்டர் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர் 1922 நவம்பரில் அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்து, உள்ளே இருந்ததை எல்லாம் பதிந்து வெளியே எடுக்கப் பத்து வருஷம் ஆனது. எங்களுக்கு இரண்டு சாயங்காலம். கிடைத்தவை: தங்க நிறம் பூசிய மம்மி ஒன்று, சாணி வண்டு ஒன்று, நான்கு ஜாடிகள், கையைக் கட்டி நிற்கும் விரல் நீளப் பொம்மை ஒன்று. தங்கப் பூச்சு கையிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அசல் ராஜாவின் உள் சவப்பெட்டி மட்டும் 110 கிலோ பசும்பொன். பத்தொன்பது வயதைத் தாண்டாத பையனுக்கு!

ஜாடிகளில் ஒரு கோளாறு. மம்மி ஆக்கும்போது உடம்பிலிருந்து எடுத்த உறுப்புகளை வைக்கும் ஜாடிகள் அவை, மூடியில் ஒரு தலை இருக்கும். கல்லீரலுக்கு மனிதத் தலை, நுரையீரலுக்குக் குரங்குத் தலை, இரைப்பைக்கு நரித் தலை, குடலுக்குப் பருந்துத் தலை என்று இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் குரங்கு இரண்டு, பருந்து இல்லை. “அப்போ குடலை யாரு பாத்துக்குவா தாத்தா?” என்றாள். களிமண்ணில் அவளே ஒரு பருந்து செய்துகொண்டாள், பார்க்கப் புறா மாதிரி இருக்கிறது.

கையேட்டில் உள்ள தப்புதான் பெரிசு. இதயத்தையும் எடுத்து ஜாடியில் வைத்தார்கள் என்று அச்சடித்திருக்கிறார்கள். மூளையைத்தான் மூக்கு வழியாகக் கொக்கி விட்டு இழுத்து எறிந்தார்கள். இதயத்தை உடம்பிலேயே விட்டார்கள், ஏனென்றால் நினைவு, புத்தி, செய்த நல்லது கெட்டது எல்லாம் அதில்தான் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. தொடக்கநிலை 4 படிக்கும் பிள்ளை அடுத்த பக்கத்தில் இதயத்தை எடை போடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், “ஜாடியில இருந்தா தராசுல எதை வைப்பாங்க?”

2013-இல் மரினா பேயில் உள்ள கலை அறிவியல் அரும்பொருளகத்துக்குப் பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து மம்மிகள் வந்தபோது போயிருந்தேன். நெஸ்பெரென்னுப் என்ற பூசாரியின் மம்மியை ஸ்கேன் செய்து பார்த்தால், தலைக்குப் பின்னால் ஒரு மண் சட்டி. பிசின் ஊற்றும்போது ஒட்டிக்கொண்டதைப் பிய்க்க முடியாமல் அப்படியே துணி சுற்றிவிட்டார்களாம். சட்டியோடு சேர்த்துச் சுற்றிவிட்டு மேஸ்திரிக்குத் தெரியாமல் நழுவிய ஆட்களை நினைத்து அங்கேயே சிரித்துவிட்டேன். நாங்களும் பெயிண்டுக்கு அடியில் என்னென்னவோ மறைத்தவர்கள்தான்.

அந்தக் கை கட்டிய பொம்மைக்கு உஷப்தி என்று பெயர். செத்த பிறகும் மறுஉலகில் வயல் வேலை உண்டாம். கூப்பிட்டால் எஜமானுக்குப் பதிலாக “இதோ இருக்கிறேன்” என்று இது எழுந்து போகும். துட்டன்காமுனுக்கு 413 உஷப்திகள்: நாளுக்கு ஒன்றாக 365 வேலையாட்கள், பத்து நாள் கொண்ட அவர்கள் வாரத்துக்கு ஒருவராக 36 கங்காணிகள், மாதத்துக்கு ஒருவராக இன்னும் 12 பேர். பத்துக்கு ஒரு சூப்பர்வைசர், எங்கள் பட்டறைக் கணக்கேதான்.

சொல்லிக்கொண்டிருந்த நேரம், சீனர்கள் செத்தவர்களுக்குப் படைக்கும் ஏழாம் மாதம். புளோக்குக்குக் கீழே காகித வீடு, காகிதக் கார், இரண்டு காகித வேலையாட்கள் எல்லாம் தகரத் தொட்டியில் எரிந்துகொண்டிருந்தன. தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அவங்களும் உஷப்தி அனுப்புறாங்களா தாத்தா?” என்றாள். ஆமாம் என்றேன். என் அப்பாவின் கருமாதிப் படையலில் நாங்கள் ஒரு கட்டுச் சுருட்டு வைத்ததையும் சொன்னேன். தீப்பெட்டி வைத்தோமா என்று கேட்டாள். வைக்கவில்லை.

கடைசியாகத் தராசு, செத்தவர் நல்லவரா என்று எடை போட்டுப் பார்க்க. ஒரு தட்டில் பிளாஸ்டிக் இதயம், மறு தட்டில் உண்மைக்கும் நீதிக்கும் தேவியான மாஅத்தின் இறகு. நரித்தலைக் கடவுள் அனுபிஸ் முள்ளைப் பார்ப்பார், எழுத்துக் கடவுள் தோத் கணக்கு எழுதுவார். இரண்டும் சமமாக நிற்க வேண்டும். இதயம் கனத்தால், முதலைத் தலையும் சிங்க முன்னங்காலும் நீர்யானைப் பின்புறமுமாக உட்கார்ந்திருக்கும் அம்மித் என்ற பிராணி அதை விழுங்கிவிடும், அத்தோடு ஆள் காலி. செய்தவர்கள் எடை பார்க்காமல் செய்துவிட்டார்கள். இதயம் வைத்தால் டக்கென்று கீழே. யார் செத்தாலும் அம்மித்துக்குச் சாப்பாடுதான். பேத்திக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்றால் அவள் அந்த இதயத்துக்குப் போன வருஷம் செத்த எங்கள் மீனின் பெயரை வைத்திருந்தாள்.

கருவிப் பெட்டியில் துழாவி ஒரு சின்ன வாஷரை இறகுக்கு அடியில் ஒட்டினேன். போதவில்லை. இன்னொன்றைப் பாதி அராவி ஒட்டியதும் முள் நேராக நின்றது. மீன் தேறிவிட்டது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், அந்த மூன்றும் உஷப்திக்கும் தராசுக்கும். வாங்குகிறவர்கள் ஸ்குரூ டிரைவரையும் ஒன்றரை வாஷரையும் எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியைப் பிரியுங்கள்.