482 என்று காசு கேட்டால் கொடுக்காதீங்க

நோர்வூட் பக்கத் தோட்டக் குடும்பமொன்று தரகர் ஒருவரிடம் 65,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறது. மரக்கறித் தோட்ட எல்லைச் சண்டை. அடித்ததாகப் பக்கத்து லயத்துக்காரர் தனிப்பட்ட பிராது போட, அழைப்பாணை வந்தது. “482இல் குவாஷ் பண்ணியாச்சு, இனிக் கோர்ட்டுக்குப் போகத் தேவையில்ல” என்றார் தரகர். தவணைக்குப் போகவில்லை, பிடியாணைதான் வந்தது.

482 என்பது வழக்கை ரத்துச் செய்யக் (குவாஷ்) கேட்பதற்கான இந்தியக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப் பிரிவு. அங்கேயே 2024 ஜூலை 1 முதல் அது 528. இலங்கையில் இரண்டுமே செல்லாது.

இங்கே 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையைத்தான் பார்க்க வேண்டும். எழுத்துமூலப் பிராது என்றால் 136ஆம் பிரிவின்படி சட்டத்தரணி வரைந்து மேலொப்பமிட்டிருக்க வேண்டும், முறைப்பாட்டாளரின் ஒப்பமும் வேண்டும். சிறுகாயம் போன்ற சில குற்றங்களுக்கு மத்தியஸ்த சபையின் இணக்கமின்மைச் சான்றிதழும் தேவை. இதில் குறை இருந்தால் முதல் தவணையிலேயே நீதவானிடம் ஆட்சேபியுங்கள். நிறைய வழக்குகளுக்கு அதற்கு மேல் போக வேண்டியே வராது.

நீதவான் ஏற்காவிட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு போடலாம், அதாவது நீதவானின் உத்தரவைச் சரிபார்த்துத் திருத்தக் கேட்கலாம். ஹட்டன் வழக்கென்றால் மத்திய மாகாணம், பண்டாரவளை என்றால் ஊவா. மனு, சத்தியக்கடதாசி, வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதி மூன்றும் வேண்டும். விசேட காரணம் காட்டாவிட்டாலும், காரணமின்றித் தாமதித்தாலும், முக்கிய விசயத்தை மறைத்தாலும் தள்ளிவிடுவார்கள். மனு போட்டதால் மட்டும் கீழ்க்கோர்ட்டு வழக்கு நிற்காது. இடைக்காலத் தடையுத்தரவு கைக்கு வரும்வரை ஒரு தவணையும் தவறக்கூடாது. அந்தக் குடும்பம் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

அவர்களிடம் இருந்தது இரண்டு பக்கச் சிங்களத் தாள். ஒப்பமிடும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. வழக்கு இலக்கமும் இல்லை, பதிவாளரின் முத்திரையும் இல்லை. என்ன எழுதியிருக்கிறதென்று யாரும் வாசித்துக் காட்டவில்லை. சிங்களம் தெரியாதவரின் சத்தியக்கடதாசியைத் தமிழில் விளக்கிய பிறகே சமாதான நீதவான் ஒப்பம் வாங்க வேண்டும். விளக்காமல் நீட்டினால் பேனாவைத் தொடாதீங்க.

ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள் மேல் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் பெயரில் மனு இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். பிடியாணை வந்திருந்தால், பொலிஸ் லயத்துக்கு வருமுன் சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (வழக்கை எடுக்கக் கேட்கும் விண்ணப்பம்) போட்டு ஆஜராகி, அதை மீளப்பெறச் சொல்லுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். தரகர்மீது பொலிஸில் மோசடி முறைப்பாடு செய்யலாம். காசு வாங்கியவர் சட்டத்தரணி என்றால் உயர் நீதிமன்றத்துக்கு (சுப்ரீம் கோர்ட்டுக்கு) எழுதலாம். இரண்டுக்கும் பற்றுச்சீட்டோ வங்கியில் போட்ட துண்டோ கேட்பார்கள், பத்திரமாக வையுங்கள்.